முனிக்கு வைத்த இலையும் கோப்பெங் கரடியும்

மலேசியாவுக்குக் கரடி பார்க்கப் போகிறேன் என்றதும் கோத்தகிரியில் என் பக்கத்து வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். "நம்ம வீட்டுப் பின்னாடியே வருதே, அதுக்கு எதுக்குங்க பிளேன் ஏறணும்?" நியாயமான கேள்விதான். எங்கள் ஊரில் கரடி வராத வாரம் கிடையாது. தேயிலைக்கு நடுவே பட்டப்பகலில் நடந்து போகும். கோயில் கதவைப் பெயர்த்துப் போட்டு விளக்கில் இருக்கிற எண்ணெயைக் குடிக்கும். எந்த வீட்டில் பலா பழுத்திருக்கிறது என்று வீட்டுக்காரருக்கு முன்னால் அதற்குத் தெரியும். நான் கால்நடை மருத்துவர். சம்பளம் மாட்டுக்குத்தான் என்றாலும், இருபது வருஷமாக அடிபட்ட கரடி, கிணற்றில் விழுந்த கரடி எல்லாம் என் தலையில்தான் விடிகிறது. அதனால் கரடியைப் பற்றி எனக்குத் தெரியாதது கொஞ்சம்தான் என்று ஒரு நினைப்பு உண்டு. அந்த நினைப்பையும் பெட்டியில் வைத்துக்கொண்டுதான் கிளம்பினேன்.

கூப்பிட்டது அமுதா. என் சித்தி மகள், ஈப்போவில் வாழ்க்கைப்பட்டவள். அவள் கணவர் சேகரன் மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோப்பெங் பக்கம், பழைய ரப்பர் தோட்டம் ஒன்றின் ஓரத்தில், காட்டை ஒட்டிக் கொஞ்சம் நிலம் வைத்து, கொடுக்கில்லாத தேனீ வளர்க்கிறார். நம்மூர்க் கொசுத்தேனீயின் சொந்தம் அது. மலாய்க்காரர்கள் கெலுலுட் என்கிறார்கள். அந்தக் கூடுகளை ஒரு பெண் கரடி வந்து உடைக்கிறது, கூடவே குட்டி.

உடைத்தால் உடைக்கட்டும் என்கிற ரகம் சேகரன். பிரச்சினை வேறு. பக்கத்து டுரியான் பழத் தோப்புக்காரர் காட்டோரம் முழுக்கச் சுருக்குக் கம்பி போட்டிருக்கிறார் என்று பேச்சு. பயந்துபோய் சேகரன் வனவிலங்கு அலுவலகத்துக்குத் தகவல் சொல்ல, அங்கிருந்து வந்த அதிகாரி கூண்டு வைத்துப் பிடித்துப் போகிறேன் என்று சொல்லிவிட்டார். கெஞ்சிக் கூத்தாடியதில் ஒரு தவணை கிடைத்திருக்கிறது. வருகிற திங்கட்கிழமை அதிகாரி கூண்டோடு வருவார். அதற்குள், இந்தக் கரடி தோட்டத்தை நம்பி இல்லை, காட்டில் தானே இரை தேடிப் பிழைக்கிறது என்று காட்ட வேண்டும். காட்டினால் விட்டுவிடுவார். இல்லையென்றால் கூண்டு.

"இவரு சோறு எறங்காம கெடக்காரு அக்கா. நான்தான் அதோட வாசல்ல கொண்டுபோய் தேன வெச்சேன், நான்தான் பிடிச்சுக் குடுத்தேன்னு பொலம்புறாரு. நீ வா லா," என்றாள் அமுதா, அந்த ஊர்ப் பேச்சின் 'லா'வை மறக்காமல். அப்புறம் எப்படிப் போகாமலிருப்பது?

செவ்வாய்க்கிழமை மதியம் ஈப்போவில் இறங்கியிருக்க வேண்டும். ரயிலில் வைத்திருந்த குளிருக்கு ஊட்டியே தேவலாம். சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு தூங்கியவள் கண் விழித்தபோது வண்டி ஈப்போவைத் தாண்டிக் கோலாகங்சாரில் நின்றது. ஈப்போ நிலையத்தில் அமுதாவும் சேகரனும் பெட்டி பெட்டியாக எட்டிப் பார்த்திருக்கிறார்கள். போர்வைக்குள் இருந்த மூட்டை நான்தான் என்று யாருக்குத் தெரியும்? திரும்பி வந்து சேர்வதற்குள் அந்தி சாய்ந்துவிட்டது. கரடியைத் தேடிக் கண்டுபிடிக்க வந்தவள் காணாமல் போய்விட்டாள் என்று சேகரன் அன்று ராத்திரி முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அமுதாவின் புகாருக்கு மாறாகச் சோறும் நன்றாகவே இறங்கியது. போன கடையில் வெந்த கோழியும், விரல் பருமனில் முளைவிட்ட பயறும் கொண்டுவந்து வைத்தார்கள். முளைப்பயறு என்றால் நமக்குச் சுண்டல் ஞாபகம்தான் வரும். இங்கே அதை ஒரு கொதி காட்டி, சோயாவும் எண்ணெயும் விட்டு, நறுக் நறுக்கென்று தின்கிறார்கள். நான் இரண்டு தட்டு காலி செய்தேன்.

மறுநாள் காலையில் சேகரன் எழுப்பியதே, "பசியாறலாமா அக்கா?" என்றுதான். காலைச் சாப்பாட்டுக்கு இங்கே பசியாறுவது என்று பேர். நாம் டிபன் என்று சொல்லி இந்த நல்ல வார்த்தையைத் தொலைத்துவிட்டோம். கோப்பெங்கில் ஒரு சீனக் காப்பிக்கடையில் பசியாறினோம். பக்கத்து மேசையில் இரண்டு கிழவர்கள் காண்டனீஸில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அமுதா காதைக் கொடுத்து மொழிபெயர்த்தாள். கரடி ஏறிய டுரியான் மரத்துப் பழம்தான் உண்மையிலேயே நல்ல பழம், அதற்குத் தெரியாததா உனக்குத் தெரியும் என்கிறார் ஒருவர். அப்படியானால் உன் மரத்துக்கு ஒரு கரடியைக் கட்டிக் கொள் என்கிறார் மற்றவர்.

சேகரனின் நிலம் எனக்குப் பிடித்துப்போனது. முன்னால் எல்லாம் பாமாயில் எடுக்கிற செம்பனை. ஒரு காலத்தில் ரப்பர் இருந்த இடம். பால் வெட்டிய மரங்கள் பத்துப் பன்னிரண்டு மட்டும் தப்பிப் பிழைத்து நிற்கின்றன. பின்னால் ஓர் ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் காடு எழும்பி, சுண்ணாம்புப் பாறை மலைக்குப் போகிறது. மரத்தண்டுகளை முழ உயரத்துக்கு அறுத்து நிறுத்தி, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பெட்டி வைத்ததுதான் கூடு. சேகரன் ஒரு பெட்டியைத் திறந்து உறிஞ்சுகுழலைக் கையில் கொடுத்தார். தேன் புளித்தது. முகம் சுளித்துக்கொண்டே மறுபடி உறிஞ்சினேன்.

உடைந்த கூடுகளைப் பார்த்ததும்தான் இந்த ஊர்க் கரடி மேல் மரியாதை வந்தது. கரடிகளிலேயே சின்னது இதுதான். நம்ம கரடி சடை சடையாக முடி வளர்த்திருக்கும். இது குட்டை முடி வைத்து மழமழவென்றிருக்கும். நெஞ்சில் மட்டும் காவியும் மஞ்சளும் கலந்த ஒரு பிறை. மனிதனுக்குக் கைரேகை மாதிரி ஒவ்வொன்றுக்கும் அந்தப் பிறை வேறு வேறு. உதிக்கிற சூரியன் மாதிரி அது தெரிவதால்தான் சூரியக் கரடி என்று பேர். நம்முடையது முன்பல் இரண்டு இல்லாத பொக்கை வாயால் கறையானை உறிஞ்சித் தின்னும். அந்தச் சத்தம் அடுத்த தோட்டத்துக்குக் கேட்கும். இது ஒரு சாண் நாக்கை நீட்டி நக்கித் தின்னும். மரத்தை உடைக்க நகமும் தாடையும் போதும். வைரம் பாய்ந்த மரத்தில் பொந்து பறித்துத் தேன் எடுத்துவிட்டுப் போனால், பின்னாலேயே இருவாச்சி வந்து அந்தப் பொந்தில் குடித்தனம் நடத்தும். நம்ம கரடி குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டு போகும். இங்கே பெரும்பாலும் ஒற்றைக் குட்டிதான், அம்மா பின்னாலேயே இரண்டு வருஷமாவது நடக்கும்.

ஓடைச் சேற்றில் காலடி பதிந்திருந்தது. உள்பக்கம் திரும்பிய பாதம். அளந்தேன், எழுதிக்கொண்டேன். முன் இடது பாதம் எங்கேயும் சரியாகப் பதியவில்லை. சேறு சரியில்லை என்று சேகரனிடம் அடித்துச் சொன்னேன். இருபது வருஷத்து ஆள் சொன்னால் அவர் மறுத்தா பேசுவார்?

வைத்தியமும் அங்கேயே சொல்லிவிட்டேன். கூடுகளைச் சுற்றி பேட்டரி வேலி. கரடிக்கு மூக்கில் ஒரு சுளீர் விழுந்தால் ஜென்மத்துக்கும் மறக்காது. சேகரன் அதற்கான சாமானை ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தார். மூன்று பேருமாகச் சாயங்காலத்துக்குள் கட்டி முடித்துவிட்டோம். ஆனால் என் மனசு ஆறவில்லை. வேலி தேனைக் காப்பாற்றும், கரடியைக் காப்பாற்றாது. இந்தக் கூடுகள் வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. ஓடையில் இறங்குகிற தடமோ புல்லே முளைக்காமல் தேய்ந்து கிடந்தது. அப்படியென்றால் தேனுக்கு முன்னாலிருந்தே அது எதற்கோ இந்தப் பக்கம் வந்துகொண்டிருக்கிறது. எதற்கு?

திரும்பும்போது செம்பனை ரோட்டில் டயர் போயிற்று. குலையிலிருந்து விழுந்த முள் ஒன்று ஆணி மாதிரி ஏறியிருந்தது. மாற்று டயரை எடுத்தால் அதிலும் காற்றில்லை. அமுதா புருஷனைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதவில்லை. அரைமணி கழித்துக் குலை ஏற்றிய லோரி ஒன்று வந்து நின்றது. ஓட்டியவர் மணியம். ஐம்பது ஐம்பத்தைந்து இருக்கும், நெற்றி நிறைய விபூதி. லோரி ஓட்டுவது பிழைப்பு. தோட்டத்து ஓரத்தில் இருக்கிற முனீஸ்வரர் கோயிலுக்குப் பூசாரியும் அவர்தான். நாங்கள் மூன்று பேரும் முன்னால் நெருக்கியடித்து உட்கார்ந்து ஈப்போ ரோடு வரைக்கும் வந்தோம். கரடி டாக்டர் என்று அமுதா என்னை அறிமுகம் செய்ததும் அதுவரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தவர் கப்சிப் என்று ஆகிவிட்டார். அப்போது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கச்சாங் பூத்தே பொட்டலத்தைக் கொறிப்பதில் மும்முரமாக இருந்தேன். ஈப்போவில் இந்தக் கடலை, முறுக்கு வகையறாவை நம் ஆட்கள்தான் பரம்பரையாகச் செய்கிறார்கள். காரம் சரியாக இருந்தது.

வியாழக்கிழமை துப்பு கிடைத்தது. தடத்தோரம் நாலைந்து நாள் பழசான கரடி எச்சம். நாகரிகமானவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். குச்சியால் கிளறினேன். வாழைப்பழத் தோல், முட்டை ஓட்டுத் துணுக்கு, பேரீச்சங்கொட்டை. இந்தப் பேராக் மாநிலத்துக் காட்டில் ஏதம்மா பேரீச்ச மரம்? கூடவே கற்பூர டப்பாவின் மூடியில் ஒரு சில்லு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பஞ்சாமிர்தம்! கடல் தாண்டி வந்தும் கோயில் கரடிதானா?

தடத்தைப் பிடித்துக்கொண்டே போனோம். இருநூறு அடி தள்ளி, பழைய ரப்பர் மரத்தடியில் முனீஸ்வரர் மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தகரக் கூரை, அரிவாள், சுருட்டு, எண்ணெய் தளும்பும் விளக்குகள். சேகரன் வழக்கத்தை விளக்கினார். தோட்டம் துண்டு துண்டாகி, ஜனமெல்லாம் ஈப்போவிலும் ஆயர் தாவாரிலும் வேலைக்குப் போய்விட்டாலும், வெள்ளிக்கிழமை சாயங்காலம் படையலுக்கு வந்துவிடுவார்கள். முனிக்கு வைத்ததை வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது, இலையை விட்டு நகர்ந்தால் திரும்பிப் பார்க்கவும் கூடாது. விடிந்து பார்த்தால் இலை காலியாக இருக்க வேண்டும். இருந்தால் முனி ஏற்றுக்கொண்டார்.

"ஒரு வருஷமா எல இப்படித் தொடச்சு வெச்ச மாதிரி காலியாகுது அக்கா," என்று சொல்லிவிட்டுத்தான் சேகரனுக்கே உறைத்தது. முன்பெல்லாம் காக்கையும் எலியும் தின்று பாதி கிடக்குமாம். இப்போது முழுதாக ஏற்றுக்கொள்கிறார் என்று பேர் பரவி, கூட்டமும் கூடி, இலையில் விழுவதும் இரண்டு மடங்காகியிருக்கிறது. கோயிலிலிருந்து காட்டுக்குப் போகிற தடத்தை நான் மெல்ல நடந்து பார்த்தேன். புதருக்குள் கம்பி மின்னியது. ஒன்று, அதற்கப்பால் இன்னொன்று. கரடி முனியிடம் சாப்பிட வருகிற வழி முழுக்கச் சுருக்கு.

மணியத்தின் லோரி மூன்று மணிக்கு அந்த வழியாக வரும். ரோட்டில் நின்று மறித்தேன். இலையைக் காலி பண்ணுவது முனி இல்லை, கரடி என்று போட்டு உடைத்தேன். பூசாரிக்குக் கோபம் வரும், ஒரு பாட்டம் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் எஞ்சினை நிறுத்திவிட்டு ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தெரியும் லா டாக்டர்," என்றார். "அதுக்கு ஒரு கை இல்ல."

சேறு சரியில்லை என்று நான் அடித்துச் சொன்ன அந்த இடது பாதம். என் கன்னத்தில் யாரோ அறைந்த மாதிரி இருந்தது.

மெல்ல மெல்லச் சொன்னார். போன வருஷம் ஒரு நாள் விடியலில் கோயில் கூட்ட வந்தபோது தண்ணீர்த் தொட்டியில் அது குடித்துக்கொண்டிருந்ததாம். இடது மணிக்கட்டில் கம்பி இறுகி, அதற்குக் கீழே பாதம் அழுகித் தொங்கியது. வயிறு ஒட்டிக் கிடந்தது, ஆனால் மடியில் பால். அது இவரைப் பார்த்தது, இவர் அதைப் பார்த்தார். அன்றைக்கு லோரியில் இருந்த வாழைத்தார் முழுசையும் இறக்கி வைத்துவிட்டு வந்துவிட்டார். அதற்கப்புறம் படையல் தவிரவும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் பழம் போடுகிறார். பாதம் தானாகவே விழுந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. மகனிடம்கூட.

"மரத்தக் கிழிச்சுத் திங்கிற ஜாதி. கை இல்லாம என்னா செய்யும்? குட்டிய வேற வெச்சுக்கிட்டு? அதான் போட்டேன்."

இப்போது விஷயம் இன்னும் மோசம். முழுசான கரடியைப் பிடித்தால் வேறொரு காட்டில் விடுவார்கள். அங்கே எந்த அத்தி எப்போது பழுக்கும் என்று தெரியாமல் அலைந்தாலும், பிழைத்தாலும் பிழைக்கும். கை போன கரடியை யாரும் காட்டில் விடமாட்டார்கள். ஆயுசுக்கும் கூண்டுதான், குட்டியும் சேர்ந்து. ஊனத்தை அதிகாரி பார்த்துவிட்டால், இது தானே பிழைக்கிறது என்று எந்த வாயால் சொல்வது? எனக்கே அதில் நம்பிக்கை இல்லை.

ஆனால் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். நீங்கள் போடுகிற பழம்தான் அதைச் சுருக்கு வழியாக வாரத்துக்கு மூன்று தடவை நடத்திக் கூட்டி வருகிறது, அண்ணே. ஒரு கை போய்விட்டது. அடுத்தது குட்டியின் காலாக இருந்தால்? மணியம் அழுதார். துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். எனக்கும் அவர் மேல் பரிதாபமும், என் மேல் எரிச்சலுமாக வந்தது. துண்டை எடுத்துவிட்டு, "நிறுத்திட்டா செத்துராதா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். இருபது வருஷத்தில் அந்த வார்த்தையை நான் அதிகம் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமைப் படையலுக்கு முன்னால் மூன்று கேமராக்களைக் கட்டினோம். கோயிலில் ஒன்று, தடத்தில் ஒன்று, ஓடைக்கு அப்பால் காட்டுக்குள் கறையான் பிடித்து விழுந்து கிடந்த மரத்துக்கு எதிரே ஒன்று. மூன்றும் சேகரன் தேனைக் காவல் காக்க வாங்கியவை. அதுவரை இருட்டில் கருப்பு மேல் கருப்பாக ஏதோ அசைவதைத்தான் எடுத்திருந்தன.

சாயங்காலம் முப்பது பேர் வந்தார்கள். படையல் ஆயிற்று. கோழி, முட்டை, கள், சுருட்டு, அண்டா நிறையப் பஞ்சாமிர்தம். எல்லாரும் திரும்பிப் பார்க்காமல் கிளம்புகிற நேரத்தில் மணியம் முன்னால் வந்து நின்றார். இனி இலையில் வைத்தது எதுவும் மிஞ்சக் கூடாது, இங்கேயே உட்கார்ந்து எல்லாரும் தின்று தீர்த்துவிட்டுப் போக வேண்டும் என்றார். கூட்டத்தில் சலசலப்பு. பார்வதி என்கிற அம்மாள் முன்னால் வந்தார். ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். போன வருஷம் அவர் மகளுக்குத் தாதிப் படிப்புக்கு இடம் கிடைக்க வேண்டிக்கொண்டு, இலை காலியாகி, இடமும் கிடைத்திருக்கிறது. சாமி ஏற்றுக்கொண்டார் என்று இனி எப்படித் தெரியும் என்று கேட்டார்.

மணியம் பொய் சொல்லியிருக்கலாம். முனி கனவில் வந்தார் என்றால் முடிந்தது கதை. நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, இத்தனை நாளும் இலையைத் தின்றது முனி இல்லை, கம்பியில் கை போன ஒரு தாய்க் கரடி என்று ஆதியோடந்தமாகச் சொல்லிவிட்டார். அடி விழப்போகிறது என்று நினைத்து நான் சேகரன் பக்கம் நகர்ந்துகொண்டேன்.

பார்வதி அக்காதான் வாயைத் திறந்தார். "கை இல்லாததுக்கு ஒரு வருஷமா நாங்க சோறு போட்டிருக்கோமா? அப்புறம் ஏன்ணே நிறுத்தச் சொல்றீங்க? இன்னும் போடலாம் லா."

இதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. ஆளாளுக்குப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். வாரா வாரம் ஒரு குடும்பம் முறை எடுத்துக்கொள்ளலாம் என்கிறார் ஒருவர். குட்டிக்குப் பால் வைக்கலாம் என்கிறார் இன்னொருவர். பெற்ற பிள்ளைக்குப் பார்க்கிற மாதிரி பார்க்கிறார்கள். கடைசியில் சேகரன் தடத்தில் கண்டவரைக்கும் கழற்றிக்கொண்டு வந்திருந்த சுருக்குகளில் ஒன்றை எடுத்துத் தன் மணிக்கட்டில் மாட்டி இழுத்துக் காட்டினார். எங்கே இருந்தது என்பதையும் கையை நீட்டிக் காட்டினார். கோயிலுக்குப் பின்னால் பத்தடி. பார்வதி அக்கா போய் முதல் இலை முன்னால் உட்கார்ந்தார்.

அன்றைக்குத் தின்ற மாதிரி நான் என் கல்யாணத்தில்கூடத் தின்றதில்லை. பஞ்சாமிர்தம் மட்டும் மூன்று கிண்ணம். முப்பது பேரும் முனங்கிக்கொண்டே தின்றோம். மிஞ்சிய எண்ணெயை வடித்து, தரையைச் சோப்புத் தண்ணீரால் கழுவி, இலைகளை லோரியில் ஏற்றினோம். மணியம் மட்டும் ஒரு வாழைப்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு உரிக்காமல் நெடுநேரம் நின்றார். பிறகு உரித்துத் தின்றார்.

சுருக்கைப் பற்றிச் சேகரன் தகவல் சொன்னதில், சனிக்கிழமை வனவிலங்கு அலுவலகத்திலிருந்து இரண்டு ஊழியர்கள் வந்தார்கள். ஆண்களும் பெண்களுமாக நாங்கள் பத்துப் பேர் வரிசையாக நடந்து, கண்ணில் பட்ட கம்பியையெல்லாம் காட்டிக் கொடுக்க, அவர்கள் அறுத்துச் சாக்கில் போட்டுக்கொண்டார்கள். டுரியான் தோப்புக்காரர் தன் வேலிக்கு அப்பால் நின்று, காட்டுப் பன்றிக்கு யாரோ வைத்தது, தனக்கு ஒன்றும் தெரியாது என்று மலாயில் சொல்லிக்கொண்டேயிருந்தார். அவரை யாரும் கேட்கவே இல்லை. ஊழியர்கள் அவர் பெயரை எழுதிக்கொண்டார்கள்.

கோயில் கேமராவில் வெள்ளி ராத்திரியே கரடி வந்து போனது பதிவாகியிருந்தது. வந்து, கழுவிய கல்லை ஒரு சாண் நாக்கால் நக்கிப் பார்த்துவிட்டு, குட்டியோடு சும்மா உட்கார்ந்திருந்தது. மணியத்திடம் அதைக் காட்ட வேண்டாம் என்று நாங்கள் மூன்று பேரும் முடிவு செய்தோம். ஞாயிற்றுக்கிழமை கடலோரம் லூமுட் போய் மீன் சாப்பிட்டு வரலாம் என்று அமுதா வற்புறுத்தினாள். போனோம். மீன் அருமையாக இருந்திருக்கும், மூன்று பேரில் யாருக்கும் ருசி தெரியவில்லை. அது பட்டினியாகப் படுத்திருந்தால் அதற்கு நானும் ஒரு காரணம்.

திங்கட்கிழமை காலை அதிகாரி வந்துவிட்டார். வண்டியின் பின்னால் பச்சை வர்ணம் அடித்த இரும்புக் கூண்டு. மலாய்க்காரர், மரியாதையான மனிதர். சேகரன் எதையும் மறைக்கவில்லை. கை இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிட்டார். அதிகாரி தலையை ஆட்டினார். அப்படியானால் முடிவு செய்ய இன்னும் சுலபம் என்றார். கூண்டைக் கட்டியிருந்த கயிற்றை அவரே அவிழ்க்க ஆரம்பித்தார். பார்க்காத கேமரா ஒன்று பாக்கி இருக்கிறது, காட்டுக்குள் இருப்பது, பார்த்துவிட்டு அவிழ்க்கலாமே என்றேன். சரி என்று கயிற்றைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார். மணியமும் லோரியை ஓரங்கட்டிவிட்டுச் சேர்ந்துகொண்டார்.

மரத்தை அடைவதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. விழுந்து கிடந்த மரம் நெடுகப் பிளந்து கிடந்தது. செதில் செதிலாக மரத்தூள். ஒரு பக்கம் முழுக்கப் பல் தடம். நகக்கீறல் எல்லாமே வலப்பக்கம் மட்டும்தான். சேகரன் படத்தைக் கைபேசியில் ஏற்றினார். ஐந்து பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தோம்.

ஞாயிறு விடியல். நல்ல வெளிச்சம். அம்மா வருகிறது. மொண்டிக் கையை மரத்தின் மேல் முட்டுக் கொடுத்து, வலக்கையால் ஒரு இழுப்பு. பலகை மாதிரி பட்டை பெயர்கிறது. பெயராத இடத்தைக் கடித்துப் பிடுங்குகிறது. நாக்கு போய்ப் போய் வருகிறது. ஒரு வருஷம் பழகிய வேலை என்பது பார்த்ததும் தெரிந்தது. எங்கள் படையல் இருந்த நாளிலும் இது இதைச் செய்துகொண்டுதான் இருந்திருக்கிறது. வயிறு நிறைந்ததும் தள்ளி உட்கார்ந்து குட்டிக்கு இடம் விட்டது.

குட்டி வந்தது. மரத்தின் முன்னால் நின்று, தன் இடது கையை மடக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டது. வலக்கை ஒன்றாலேயே பறித்தது.

மணியம் அதைத் திரும்பப் போடச் சொன்னார். மறுபடியும். மூன்றாம் தடவை படத்தை நிறுத்தச் சொல்லி விரலால் தொட்டுக் கேட்டார், இதற்கு இரண்டு கையும் நன்றாகத்தானே இருக்கிறது என்று. நன்றாகத்தான் இருக்கிறது, அம்மா செய்வதைப் பார்த்துத்தான் செய்கிறது என்றேன்.

அவர் அதிகாரியிடம் திரும்பி மலாயில் ஒன்று சொன்னார். அமுதா என் காதில் தமிழில் சொன்னாள்: "கை போன அம்மாவே குட்டிக்குச் சொல்லிக் குடுத்து வளக்குது. இத நாம எடுத்துக்கிட்டுப் போய் என்னா வளக்கப் போறோம், தம்பி?"

அதிகாரி வண்டிக்குத் திரும்பிப் போய், பாதி அவிழ்த்திருந்த கூண்டுக் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார்.